சரஸ்வதியின் சிம்

"அம்மா என்ற உறவில் ஏற்கெனவே ஒருவர் உள்ளார். வேறு உறவைத் தேர்ந்தெடுக்கவும்."

பிரவீனா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். விரல் ஈரமாக இருந்ததால் எதையோ தவறி அழுத்தியிருக்கலாம் என்று நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். செல்போன் ஒரு சின்ன அதிர்வோடு அதே வரியைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை. பனி முழுதாக விலகாத ஓசூர் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் நின்றிருந்தது. கீழ்வீட்டில் அவரைக்கொட்டை வேகும் வாசனை மாடிவரை ஏறி வந்தது. எதிரே யுவஸ்ரீ இடது கையை நீட்டிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவளைப்போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மெல்லிய மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டையோடு புது வாட்ச்.

"ஏங்க, அம்மான்னு போட்டா எடுக்க மாட்டேங்குது. நீங்க ஏதாச்சும் அழுத்தினீங்களா?"

திருமலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "நான் அப்பான்னு மட்டுந்தான் போட்டேன். சைனாக்காரன் செஞ்ச சாமான், அப்படித்தான் இருக்கும். வேற என்னா இருக்குதோ அதப் போடு."

அவள் பட்டியலைக் கீழே தள்ளினாள். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை. சித்தி என்று ஒன்று இல்லை. கடைசியில் 'மற்றவர்' என்று இருந்தது. அதை அழுத்தியதும் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. வாட்சின் செயலி அவளை ஏற்றுக்கொண்டது.

அம்மா என்று யார் இருக்கிறார்கள் என்று பிறகு தேடிப் பார்த்தாள். பெயர் இல்லை. ஒரு எண் மட்டும். அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். வாட்சுக்குள் இப்போது இருக்கும் சிம்மின் எண் அது. திருமலையின் முதல் மனைவி சரஸ்வதியின் எண்.

வாட்சுக்குத் தனியாக ஒரு சிம் வேண்டும் என்று கடைக்காரன் சொன்னபோது, புதிதாக எதற்கு என்று திருமலைதான் பீரோவிலிருந்து அதை எடுத்தான். சரஸ்வதி போய்ச் சேர்ந்த பிறகும் அந்த எண்ணைச் சாகவிட முடியவில்லை. கேஸ் பதிவு, ரேஷன் கார்டு, குழந்தையின் ஆதார் எல்லாம் அதில்தான் இருந்தன. மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவந்தான். சேலைகளுக்கு நடுவே ஒரு பழைய பட்டன் போனில் கிடந்து, எப்போதாவது குறுஞ்செய்தி வந்து இருட்டில் முனகும். "சும்மா கெடக்கறதுதானே," என்றான். பிரவீனா மறுத்துப் பேசவில்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி மூத்தவளுக்கென்று ஒரு சின்னத் தங்கப் பொட்டைத் தன் தாலியோடு சேர்த்துக் கோத்துப் போட்ட நாளிலிருந்தே, சரஸ்வதியின் எந்தப் பொருளைப் பற்றியும் மறுத்துப் பேசும் பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள்.

வாட்ச் வாங்கியதே மாதேஸ்வரனால்தான். சரஸ்வதியின் தம்பி. நாகரசம்பட்டியில் மாந்தோப்பும் ஆள்நிறைந்த வீடும் உள்ளவன். அக்காவின் இடத்துக்கு வந்தவளை அக்கா என்று அழைப்பதுதான் முறை. அவன் ஒருநாளும் அழைத்ததில்லை. போன மாதம் வாசலில் நின்றபடியே சொன்னான்: "மாமா, புள்ளை எலும்புந்தோலுமா இருக்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஊட்டுல யாரு இருக்காங்க? ஜெயில்ல போட்ட மாதிரி உள்ள தாழ் போட்டுக்கினு ஒக்காந்திருக்குது. நான் இட்டுக்கினு போறேன்." திருமலை முடியாது என்று சொல்லவில்லை. அவன் எதற்கும் அப்படிச் சொல்கிறவன் இல்லை. பிரவீனாதான் கெஞ்சி, வாட்ச் கட்டுகிறேன், எங்கே இருக்கிறாள் என்று எப்போதும் தெரியும் என்று சொல்லித் தவணை வாங்கினாள். அடுத்த ஞாயிறு அவன் மறுபடி வருவான். யுவஸ்ரீ போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லைதான். ஆனால் காய்ச்சல் வந்தால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அது போதும் என்று பிரவீனா பல வருடங்களாகத் தன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலைவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்தாள். வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம், பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து அழைப்பு வராது. தேவைப்பட்டால் மணி அடிக்காமலேயே வாட்ச் இருக்கும் இடத்துச் சத்தத்தைக் கேட்கலாம். "யாரு கதவத் தட்டினாலும் தெறக்கக் கூடாது கண்ணு, நான் வர்ற வரைக்கும்," என்றாள். யுவஸ்ரீ தலையாட்டினாள். வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தாள். அது டிக் டிக் என்று ஓடும் வகை அல்ல. ஆனாலும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரவீனா வேலை செய்யும் கம்பெனியில் செல்போன் பாகங்கள் செய்கிறார்கள். அதனாலேயே உள்ளே யாரும் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது திரையில் அவள் ஏங்கிய வரி காத்திருந்தது: யுவஸ்ரீ வீட்டு வட்டத்துக்குள் வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று யுவஸ்ரீ பசிக்கவில்லை என்றாள்.

"என்னா சாப்ட்ட?"

"சோறு."

காலையில் மிச்சம் வைத்த சோற்றுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பிரவீனா பாத்திரங்களைச் சுவரில் சாய்த்து வைப்பவள். இது ஒரு துணியை நான்காக மடித்து, அதன்மேல் கவிழ்க்கப்பட்டிருந்தது. குழந்தை தானாகக் கழுவி வைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து குனிந்து முத்தமிட்டாள். கன்னம் சில்லென்றிருந்தது. ஒரு வாசனையும் வந்தது. ஈர இலையும் பூச்சிமருந்துத் தெளிப்பும் கலந்த, மூடிய இடத்தில் வெகுநேரம் கிடந்த குளிரின் வாசனை. எங்கே முகர்ந்தோம் என்று நினைவுக்கு வரவில்லை. இரவு படுக்கையில் திருமலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நினைவுக்கு வந்தது. தளி ரோட்டுப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் ஏறினால் பஸ்ஸில் வரும் வாசனை அது. பறித்த பூக்களை அடுக்கும் குளிர் அறையின் வாசனை. சரஸ்வதி அங்கேதான் வேலை செய்தாள், அவள் உயிரைக் கொண்டுபோன காய்ச்சல் வரும்வரை.

செவ்வாய்க்கிழமையும் பசிக்கவில்லை. புதன்கிழமை யுவஸ்ரீயின் வாயோரத்தில் மெல்லிய கீறல்கள் இருந்தன. பூனை நகம் பட்டதுபோல, ஆனால் அதைவிட நுண்ணியவை. இரண்டு பக்கமும்.

"எப்படி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"மிஸ் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சித்தி அடிச்சாங்களான்னு கேட்டாங்க."

பிரவீனாவின் கை அந்தக் கன்னத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் இந்த முகத்தைப் பார்ப்பான்.

கீழே போய் வீட்டுக்காரம்மா நாராயணம்மாவிடம் கேட்டாள். "நீங்க ஏதாச்சும் ஊட்டி விடறீங்களாம்மா?"

"நானா? மாடிப்படி ஏறினா என் முட்டி ஏமாவுது தெரியுமா உனக்கு?" என்றாள் நாராயணம்மா, தெலுங்கு கலந்த தமிழில். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சீக்கிரமா வந்துடறேன்னு நெனச்சேனே. சாயந்திரமானா மேல பொம்பள நடமாட்டம் கேக்குதே. பாத்திரம் உருட்டறது, குழாய் தெறக்கறது. நல்ல பொண்ணு, வேலைய உட்டுட்டா போலன்னு நெனச்சேன்."

படியேறி வந்து செயலியைத் திறந்தாள். நினைவூட்டல்கள் என்ற இடத்தில் அவள் வைக்காத ஒன்று இருந்தது. 'உணவு நேரம்.' பள்ளி வேன் வந்து நிற்கும் நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு. அமைத்தவர்: அம்மா. அதை நீக்க முயன்றாள். 'நிர்வாகியால் மட்டுமே நீக்க முடியும்.' நிர்வாகி: அம்மா.

திருமலையிடம் காட்டினாள். அவன் வெகுநேரம் திரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"வாட்ச்சு மேல சக்களத்திச் சண்டையா?"

"சிரிக்காதீங்க. யாரோ ஊட்டுக்குள்ள வர்றாங்க."

"தாழ் உள்ளதானே போட்டிருக்குது?"

"ஆமா."

"புள்ளை நல்லாத்தானே இருக்குது? கன்னத்துல கூட கொஞ்சம் சதை வெச்சிருக்குது." செல்போனைத் திருப்பிக் கொடுத்தான். குரல் தணிந்திருந்தது. "இருந்துட்டுப் போவட்டும் உடு."

யார் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் சொல்லவில்லை. விளக்கை அணைத்தபின் இருவரும் தூங்காமல், ஒருவருக்கொருவர் தூங்குவதுபோல மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே வெளியே வந்தாள். கம்பெனி பஸ் இல்லாததால் டவுன் பஸ். பின்சீட்டில் உட்கார்ந்து, முந்தானையால் காதையும் செல்போனையும் சேர்த்து மூடிக்கொண்டு, சத்தம் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். முதலில் வெறும் இரைச்சல், பிறகு தன் வீட்டு மின்விசிறி அதன் மூன்றாவது சுற்றில் கிறீச்சிடும் அந்தப் பழக்கமான ஒலி. யுவஸ்ரீ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தினாள். யாரோ திருத்துவதற்கு இடம்விட்டு நிறுத்துவதுபோல. திருத்திக்கொண்டு தொடர்ந்தாள். பிறகு அரிசிச் சோறு தட்டில் விழும் மெத்தென்ற சத்தம். மெல்லும் சத்தம். கொலுசு இல்லாத பாதங்கள் சிமென்ட் தரையில் தேய்ந்து போய் வந்தன. மெல்லும் சத்தம். மறுபடி மெல்லும் சத்தம். பிறகு யுவஸ்ரீயின் குரல் மிக அருகே வந்தது, வாட்சை வாயருகே கொண்டுபோயிருக்க வேண்டும்.

"போதும்மா."

எல்லாம் நின்றது. தட்டை நகர்த்தும் சத்தம்கூட அப்போதே நின்றது. அந்த ஒரு சொல்லின் இரண்டாம் பாதி பிரவீனாவின் காதுக்குள்ளேயே நின்றது. இத்தனை வருடங்களாக இந்தச் சொல்லுக்காகத்தான் இட்லிக்கு ஊறப்போட்டதும், பேன் பார்த்ததும், காய்ச்சலுக்கு விழித்ததும். அதைக் குழந்தை எவ்வளவு சாதாரணமாக வேறு யாரிடமோ சொல்லிவிட்டது.

அப்போது செல்போனில் வேறொரு மூச்சு கேட்டது. குழந்தையின் மூச்சு அல்ல. வாட்சுக்கு மிக நெருக்கத்தில். அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

இணைப்பு அறுந்தது. 'நிர்வாகி இந்த வசதியை உங்களுக்கு நிறுத்தியுள்ளார்.'

வீட்டுக்குப் போனபோது யுவஸ்ரீ தாழைத் திறந்துவிட்டாள். அறையில் யாரும் இல்லை. வாசனை மட்டும். பிரவீனா செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நிர்வாகியை மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். நிர்வாகியின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்றது செயலி. குழந்தையின் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது.

"கண்ணு, அதுல நம்பர் வந்திருக்கும் பாரு. படி."

யுவஸ்ரீ திரையைப் பார்த்தாள். வலது கையால் அதை மூடிக்கொண்டாள்.

"படின்னு சொல்றேன்ல?"

"ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது சித்தி."

"யாரு சொன்னா?"

குழந்தையின் கண்கள் பிரவீனாவின் தோளுக்கு மேலே, சமையலறைப் பக்கம் போய்த் திரும்பின. பிரவீனா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உடம்பு சொன்னது. கையை எட்டிப் பிடித்துப் பட்டையை உருவினாள். யுவஸ்ரீ அலறவில்லை. வேண்டாம் சித்தி, வேண்டாம் சித்தி என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கெஞ்சலாக இல்லை, எச்சரிக்கையாகத்தான் இருந்தது. காதுத் தோட்டைக் கழற்றி அதன் முனையால் சிம்மை வெளியே தள்ளினாள். நகத்தளவு இருந்தது. பீரோவில் சேலைகளுக்கு நடுவே இத்தனை காலம் உயிரோடு கிடந்தது. கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினாள். துண்டுகளை ஜன்னல் வழியே சாக்கடையில் போட்டாள்.

மின்விசிறியின் கிறீச்சிடல் மட்டும் இருந்தது. வாசனை அப்படியே இருந்தது.

"அப்போ இனிமே நான் எப்படிச் சொல்றது?" என்றாள் யுவஸ்ரீ.

"யாருகிட்ட?"

குழந்தை வெறும் வாட்சை எடுத்துக் கையில் மறுபடி கட்டிக்கொண்டது. அன்று இரவு பிரவீனா அவளை அணைத்துக்கொண்டு படுத்தாள். உடம்பு சூடாக இருந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு கசப்பான மகிழ்ச்சி இருந்தது. செத்தவளின் வாயை அடைத்த மகிழ்ச்சி. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி சீக்கிரம் கிளம்ப முடியவில்லை. சூப்பர்வைசர் விடவில்லை. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது செல்போன் தகரத்தின்மேல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு அதிர்வு. சிம் இல்லாத வாட்சிலிருந்து எதுவும் வர வழியில்லை. திரை முழுக்க ஒரே வரி.

உணவு நேரம்.

உணவு நேரம்.

உணவு நேரம்.

விரலால் தள்ளத் தள்ளக் கீழிருந்து புதிதாக முளைத்தது. நாராயணம்மாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை, அந்த நேரம் டி.வி. நேரம். திருமலையின் செல்போன் அவன் கம்பெனி லாக்கரில் இருக்கும். பஸ் ஹைவேயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. மழை பிடித்தது. கண்ணாடியில் சிவப்பு விளக்குகள் கரைந்து வழிந்தன. டிரைவரிடம் நின்றுகொண்டே வந்தாள். "ஒக்காரும்மா, நீ தள்ளினா வண்டி ஓடாது," என்றான். உட்காரவில்லை. செல்போன் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே வந்தது, நிற்காமல், ஒரு தொண்டை விழுங்கிக்கொண்டே இருப்பதுபோல.

சந்து. படிகள். ஈரம்.

கதவு உள்ளே தாழ். அவளே ஆள் வைத்துப் போட்ட புதுத் தாழ்.

"யுவா! கண்ணு, தெற!"

உள்ளிருந்து மெல்லும் சத்தம்.

நடையோர ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிகளைப் பிடித்து முகத்தைப் பதித்தாள். டியூப் லைட் எரிந்தது. யுவஸ்ரீ நடு அறையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு. பக்கத்தில் குக்கர், அதன் பக்கத்தில் அரிசி டப்பா, மூடி திறந்து. வேறு யாரும் இல்லை. யுவஸ்ரீயின் கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. கண்களில் நீர் வழிந்தது. மூக்கால் மூச்சு வாங்கினாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள். விழுங்கியதும், இருண்டு கிடந்த வாட்சை வாயருகே கொண்டுபோனாள்.

"போதும்மா. போதும்மா."

கேட்க வேண்டியவளுக்கு அது போய்ச் சேரவில்லை.

தட்டில் சோறு குழிந்தது. நான்கு விரல்கள் அள்ளிய குழி. யுவஸ்ரீயின் தாடையில் இரு பக்கமும் தோல் அமுங்கியது. பழைய கீறல்களின்மேல் புதிய கீறல்கள். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ரோஜா முள் ஏறிய விரல்கள் அழுத்தினால் வருவதுபோல. வாய் திறந்தது.

பிரவீனா கம்பிகளை உலுக்கினாள். கத்தினாள். கீழே நாராயணம்மா "ஏமாயிந்தி? என்னாச்சும்மா?" என்று படியடியில் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பிகள் அசையவில்லை. திருடன் நுழையக் கூடாதென்று தடிமனாகப் போட்ட கம்பிகள்.

"உடுடி! அக்கா, உட்டுடு! தாங்காது! அது கொழந்தை!"

அறைக்குள் எதுவும் தயங்கவில்லை.

அப்போது யுவஸ்ரீ ஜன்னலைப் பார்த்தாள். நேராக. பிரவீனாவின் கண்களுக்குள். இத்தனை வருடங்களில் அந்தக் குழந்தை அவளை அப்படிப் பார்த்ததில்லை. வேறு யாருமே இல்லை என்பதுபோல. இரண்டு கைகளையும் ஜன்னலை நோக்கி நீட்டினாள். வாயில் இருந்த சோற்றை முழுபலத்தோடு விழுங்கி, மூச்சைச் சேர்த்து, முதன்முறையாகப் பிரவீனாவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா!"

அந்தச் சொல்லுக்காகத் திறந்த வாய் மூடுவதற்குள், தன்னைத்தான் கூப்பிட்டது என்பதுபோல, ஆசையோடு, அவசரமாக, தட்டில் சோறு மறுபடி குழிந்தது.